நீச்சல் குழுவுக்கு நடத்தை விதி எழுதுகிறோம்: எது பிள்ளையின் பொறுப்பு, எது நம்முடையது?

#1 குழு_மேலாளர்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் 9 முதல் 17 வயது வரை 34 பிள்ளைகள் நீந்தும் குழு. 25 மீட்டர் திறந்தவெளிக் குளம், 6 லேன் (கயிறு கட்டிப் பிரித்த நீச்சல் பாதை), காலை 5.30 முதல் 7 வரை பயிற்சி. புது சீசனுக்கு முன் ஒரே பக்கத்தில் நடத்தை விதி எழுதி, பிள்ளை, பெற்றோர், கோச் மூவரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறோம். வரைவு இது:

"நேரத்துக்கு வர வேண்டும். கோச் சொல்வதைக் கேட்க வேண்டும். சக வீரர்களை மதிக்க வேண்டும். குளத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். போட்டியில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். மீறினால் 200 மீட்டர் கூடுதலாக நீந்த வேண்டும்."

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பத்து வயசுப் பிள்ளை இதைப் படித்துவிட்டு நாளைக் காலை குளத்தில் என்ன செய்யணும் என்று கேட்டால் பதில் இல்லை. தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

#2 லேன்_எட்டு

சார், முதலில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். எந்தப் பிள்ளை நீச்சலை விரும்பணும் என்று பாடுபடுகிறோமோ அதே பிள்ளைக்கு நீச்சலையே தண்டனையாகக் கொடுத்தால், 400 மீட்டர் செட் (கோச் கொடுக்கும் பயிற்சித் தொகுப்பு) போடும் நாளில் "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்ற முகத்தோடுதான் நிற்கும். களைத்த தோளில் கூடுதல் நீளம் போட்டால் ஸ்ட்ரோக்கும் (கை, கால் வீச்சும்) கெடும். தண்டனை பற்றிக் கீழே எழுதுகிறேன்.

"நேரத்துக்கு" என்பதை எண்ணாக எழுதுங்கள். 5.30 என்றால் 5.30-க்குக் கால் தண்ணீரில் இருக்கணும். அப்படியானால் 5.10-க்கு கேட், ஷவர், தொப்பி, 5.18-க்கு டெக்கில் (குளக்கரையில்) கை சுழற்சி, தோள் வார்ம் அப். தாமதமாக வந்த பிள்ளை ஓடும் செட்டுக்குள் குதிக்கக் கூடாது. கடைசி லேனில் தனியாக 200 மீட்டர் மெதுவாக நீந்திவிட்டு, அடுத்த செட் தொடங்கும்போதுதான் சேரணும். இது தண்டனை இல்லை. சூடேறாத தோளோடு வேக செட்டில் நுழைந்தால் தோள் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, "சக வீரர்களை மதிக்க வேண்டும்." நீச்சல் குழுவில் மரியாதை பெரும்பாலும் லேனுக்குள்தான் நடக்கிறது, அதுவும் பேச்சில்லாமல். 34 பிள்ளை, 6 லேன் என்றால் லேனுக்கு 5 அல்லது 6 பேர். அதற்குக் கணக்கு இருக்கிறது. 25 மீட்டர் குளத்தில் முதல் ஆள் போய்த் திரும்ப, அதாவது 50 மீட்டருக்கு, 40 விநாடி எடுக்கிறார் என்று வையுங்கள். 5 விநாடி இடைவெளியில் கிளம்பினால் ஆறாவது ஆள் 25-வது விநாடியில் சுவரை விட்டுப் போய்விடுவார், திரும்ப வருபவருக்குச் சுவர் காலி. அதே ஆறு பேர் 10 விநாடி விட்டுக் கிளம்பினால் கடைசி ஆள் கிளம்பவே 50-வது விநாடி. முதல் ஆள் டர்ன் அடிக்க வரும்போது சுவரில் இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். மோதல், "நீ ஏன் நின்னே" என்ற சண்டை எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே 25 மீட்டரில் 5 விநாடி, 50 மீட்டர் குளத்துக்குப் போகும் நாளில் 10 விநாடி. பேஸ் க்ளாக்கை (விநாடி காட்டும் பெரிய கடிகாரத்தை) பார்த்துத் தானே கிளம்புவது பிள்ளையின் பொறுப்பு. கோச் ஒவ்வொருவரையும் "போ, போ" என்று அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் யாருடைய ஸ்ட்ரோக்கையும் பார்க்க முடியாது.

வட்டமாக நீந்துவதில் பக்கத்துப் பக்கத்து லேன்களுக்கு எதிரெதிர்ச் சுற்று வையுங்கள். ஒன்று வலஞ்சுழி, அடுத்தது இடஞ்சுழி. அப்போது கயிற்றுக்கு இருபுறமும் போகிறவர்கள் ஒரே திசையில் போவார்கள். பட்டர்ஃபிளை அடிக்கும்போது எதிரே வருபவரின் கை மோதி விரலில் அடிபடாது.

முந்துவதற்கு ஒரே வழி: முன்னால் போகிறவரின் பாதத்தை ஒரு தட்டு. ஒரே தட்டு. தட்டு வாங்கியவர் அடுத்த சுவரில் மூலையில் ஒதுங்கி வழிவிடணும், தட்டியவர் டர்ன் அடித்துப் போவார். லேன் நடுவில் முந்தக் கூடாது, ஏனென்றால் எதிரே வருபவருக்கு இருக்கும் இடம் ஒன்றேகால் மீட்டர்தான். கணுக்காலைப் பிடித்து இழுத்தால் அது விளையாட்டுக் கணக்கில் சேராது, பெற்றோருக்குத் தகவல் போகணும்.

செட் முடிந்து சுவரைத் தொட்டதும் குறுக்கே எதிர் மூலைக்கு நகரணும். தொட்ட இடத்திலேயே நின்று மூச்சு வாங்கினால் பின்னால் வரும் ஐந்து பேரும் சுவரைத் தொடாமல் நிற்பார்கள். சுவரைத் தொடாமல் நிற்கும் பழக்கம் போட்டியில் ஒரு விநாடியைத் தின்றுவிடும்.

யார் லேனுக்கு முதலில் போவது என்பதும் பிள்ளைகளுக்குள் பெரிய விவகாரம். வயசோ நட்போ இல்லை, அந்த செட்டின் இன்டர்வலை (ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுத்த நேரத்தை) கடைசி வரை பிடிக்கக்கூடியவர் முதலில். ஃப்ரீஸ்டைலில் முதலில் போகிறவர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் நான்காவதாகப் போகலாம்.

#3 தேன்மொழி_அம்மா

கணக்கு சூப்பர் சார். கயிற்றில் உட்காருவதையும் சேர்த்துக்கோங்க. செட் நடுவுல எல்லாப் பசங்களும் கயிறு மேல சாஞ்சுட்டுத்தான் நிக்கிறாங்க.

#4 லேன்_எட்டு

சரியாகச் சொன்னீங்க மேடம். கயிற்றுக்கு உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி இருக்கிறது. எடை ஏறினால் கம்பி தொய்யும், அதில் கோத்த பிளாஸ்டிக் தட்டுகள் உடையும், உடைந்த ஓரம் அடுத்தவர் கையைக் கிழிக்கும். பேக்ஸ்ட்ரோக்கில் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகிற பழக்கமும் அங்கேதான் தொடங்கும். போட்டியில் கயிற்றை இழுப்பது விதிப்படி கூடாது.

#5 மருந்துப்பெட்டி

உடல்நலம், பாதுகாப்புப் பக்கம் நான் எழுதுகிறேன். முதல் வரியாக, தடித்த எழுத்தில் இது இருக்கணும்: மூச்சைப் பிடித்து யார் அதிக தூரம் போகிறார் என்ற பந்தயம் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பிள்ளைகள் இதை வீரம் என்று நினைக்கிறார்கள். நடப்பது இதுதான். உள்ளே போகுமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு விடணும் என்ற தவிப்பை எழுப்புவது அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இடுப்பளவு தண்ணீரிலேயே இது நேரும். மேலே நிற்பவருக்கு "இன்னும் அடியிலேயே போய்க்கொண்டிருக்கிறான்" என்றுதான் தோன்றும். கோச்சும் மூச்சுக் கட்டுப்பாட்டைத் தண்டனையாகவோ போட்டியாகவோ வைக்கக் கூடாது என்று அதே பக்கத்தில் எழுதுங்கள்.

குளிக்காமல் இறங்குவது பற்றி. கண் எரிவதற்குக் குளோரின் அதிகம் என்று பெற்றோர் புகார் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின். மூக்கில் ஏறும் அந்த "குளோரின் வாசனை"யும் அதுதான். ஒரு நிமிட ஷவரில் வேர்வையில் பெரும்பகுதி போய்விடும். கழிவறைக்குப் போகக் கேட்கும் பிள்ளையை எந்த செட் நடுவிலும் தடுக்கக் கூடாது. தடுத்தால் அது குளத்திலேயே முடியும்.

நம்ம ஊருக்கே உரிய இன்னொன்று, தேங்காய் எண்ணெய். குளோரினிலிருந்து முடியைக் காப்பாற்ற அம்மாமார்கள் காலையில் நன்றாகத் தடவி அனுப்புகிறார்கள். எண்ணெய் மிதந்து ஃபில்டரில் படிகிறது, குளோரினையும் தின்கிறது. எண்ணெயை முந்தைய நாள் வைத்து அலசிவிடுங்கள். இறங்குமுன் முடியை நல்ல தண்ணீரில் முழுதாக நனைத்துத் தொப்பி போட்டால், ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். ஸ்டிக்கர் பொட்டையும் கேட்டிலேயே எடுத்துவிடணும், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் கொத்தாகச் சேர்கிறது.

வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை குளத்துக்கு வரக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒட்டுண்ணி) என்று பரிசோதனையில் தெரிந்தால் நின்றபிறகு இரண்டு வாரம். அது சாதாரணக் குளோரின் அளவில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். இது முழுக்கப் பெற்றோர் பொறுப்பு, பிள்ளை வரணும் என்று அடம்பிடித்தாலும்.

#6 தேன்மொழி_அம்மா

கொலுசு, அரைஞாண் கயிறு, கோயில் கயிறு இதெல்லாம்? கழட்டச் சொன்னா சில வீட்ல வருத்தப்படுவாங்க.

#7 லேன்_எட்டு

கொலுசும் வளையலும் கட்டாயம் கழற்றணும். கிக் அடிக்கும்போது பின்னால் வருபவரின் முகத்துக்கு நேரே இருப்பது அந்தக் கணுக்கால்தான். அரைஞாண் நீச்சலுடைக்கு உள்ளே அடங்கியிருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, விட்டுவிடலாம். கையில் கட்டிய கயிறு மணிக்கட்டோடு ஒட்டி இருந்தால் சரி. தொங்கினால் லேன் கயிற்றின் தட்டில் மாட்டும், நுனியை வெட்டிவிடச் சொல்லுங்கள். இப்படிப் பிரித்துச் சொன்னால் எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள்.

#8 கொடிக்கயிறு

போட்டி நாள் பகுதி. "ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்" என்பதற்குப் பதில், எதற்கெல்லாம் தகுதிநீக்கம் வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியணும். அதில் பாதி நடத்தை சம்பந்தப்பட்டதுதான்.

விசில் வரிசை: குட்டி விசில்கள் தொடர்ந்து வந்தால் மேலுடையைக் கழற்றித் தயாராகு. நீளமான ஒரு விசில் வந்தால் பாயும் மேடையான பிளாக்கில் ஏறு (பேக்ஸ்ட்ரோக் என்றால் தண்ணீரில் இறங்கு, இரண்டாவது நீள விசிலுக்குச் சுவருக்கு வா). அப்புறம் "டேக் யுவர் மார்க்ஸ்", அசையாமல் நிற்பது, சிக்னல். ஒருமுறை முன்கூட்டிப் பாய்ந்தாலே வெளியே, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே அந்த நேரத்தில் கேலரியில் கத்தாமல் இருப்பது பெற்றோரின் கடமை. கத்தலில் சிக்னல் கேட்காமல் தவறுகிற பிள்ளை உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் டர்னிலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே சமயத்தில் தொடணும். சின்ன வயசுப் பிரிவில் அடிக்கடி வீணாகிற ரேஸ் இதில்தான். காரணம் போட்டிப் பதற்றம் இல்லை, பயிற்சியில் களைப்பில் ஒரு கையால் தொட்டுத் திரும்ப விட்டதுதான். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர மற்றவற்றில், தண்ணீருக்கடியில் போனாலும் 15 மீட்டர் குறிக்குள் தலை மேலே வரணும். ஃப்ரீஸ்டைலில் மூச்சு முட்டினால் தரையில் நிற்கலாம், நடக்கக் கூடாது. இந்த ஒன்றைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தால் பயம் பாதி குறையும்.

ரேஸ் முடிந்ததும் தன் லேனிலேயே இருக்கணும். நடுவர் சொன்னபிறகு வெளியே வரணும். அடுத்த லேனில் இன்னும் ஆள் நீந்திக்கொண்டிருக்கும்போது கயிற்றுக்கு அடியில் நுழைந்து குறுக்கே போனால் இடையூறு.

ரிலேயைப் பற்றித் தனியாகச் சொல்லணும். கடைசிப் பிள்ளை முதலாவதாகத் தொட்டதும் மற்ற மூன்று பேரும் சந்தோஷத்தில் தண்ணீரில் குதித்துக் கட்டிப்பிடிப்பார்கள். மற்ற லேன்களில் இன்னும் நீந்துகிறார்கள் என்றால் அந்த அணி முழுதும் தகுதிநீக்கம். மேலே நின்றே கை கொடுங்கள். நீந்தி முடித்தவர் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் உடனே ஏறணும், அடுத்தவரின் பாதம் முன்னவர் சுவரைத் தொடும்வரை பிளாக்கை விட்டு விலகக் கூடாது. பெயர் வரிசை எழுதிக் கொடுத்தபடியே நீந்தணும். "நீ முதல்ல போ" என்று பிளாக்கில் மாற்றிக்கொண்டாலும் தகுதிநீக்கம்.

ஹீட்டுக்கு (தகுதிச் சுற்றுக்கு) முந்தைய வார்ம் அப் குளத்தில் பாயக் கூடாது, சுவரைப் பிடித்துக் கால் முதலில் இறங்கணும். பாய்வதற்கென்று ஸ்பிரின்ட் லேன் திறப்பார்கள், அது ஒருவழிப் பாதை. எதிர்ப்பக்கம் ஏறி நடந்துதான் திரும்பணும். வேளச்சேரி அக்வாட்டிக் காம்ப்ளெக்ஸ் மாதிரி 50 மீட்டர் குளத்தில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் இறங்கும். தலைக்கு மேல் தலை பாய்ந்து அடிபடுவது அந்த நேரத்தில்தான்.

#9 குழு_மேலாளர்

தகுதிநீக்கம் வந்தால் பெற்றோர் நேராக நடுவரிடம் போய் வாக்குவாதம் செய்கிறார்கள் என்பது எல்லாக் குழுவிலும் இருக்கும் புகார். இதை எப்படி எழுதலாம்?

#10 கொடிக்கயிறு

வழி ஒன்றுதான். பிள்ளை கோச்சிடம் வரும், கோச் அல்லது மேலாளர் காரணம் கேட்பார், தேவைப்பட்டால் எழுத்து மூலம், கட்டணத்தோடு முறையீடு கொடுப்பார். உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் விதிப்படி அந்த நிகழ்ச்சி முடிந்து 30 நிமிடத்துக்குள் கொடுக்கணும். பெற்றோர் கொடுத்தால் செல்லாது. ஆகவே பெற்றோர் நடுவரிடம் வாதாடும் அந்தப் பத்து நிமிடம், கோச்சின் 30 நிமிடத்திலிருந்து கழிகிறது. இதை அப்படியே எழுதுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஃபைனலுக்குத் தகுதி பெற்றபின் நீந்த விருப்பமில்லை என்றாலும் ஹீட் முடிந்து 30 நிமிடத்துக்குள் விலகல் சொல்லணும். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் ரிசர்வில் இருக்கும் வேறொரு பிள்ளையின் இடம் காலியாகவே போகும்.

#11 ரிசர்வ்_ரிலே

ஒரு கேள்வி. பயிற்சிக்கு ஒழுங்காக வராத, ஆனால் வேகமான பிள்ளையை ரிலேயில் போடலாமா? என் கருத்து, போடக் கூடாது. வாரம் ஐந்து நாள் வந்தவன் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பது நியாயமில்லை.

#12 லேன்_எட்டு

முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. பயிற்சிக்கு வராததற்குப் பிள்ளை காரணமா, வீடு காரணமா என்று பார்க்கணும். 10 வயசுப் பிள்ளை தானாக வண்டி ஓட்டி வர முடியாது. அப்பாவின் ஷிஃப்ட் மாறினால் அதன் வருகை குறையும். அதற்கு ரிலேயைப் பிடுங்கினால் பெரியவர்கள் கணக்கைக் குழந்தையிடம் வசூலிக்கிறோம். 15 வயசுக்கு மேல் கதை வேறு.

#13 ரிசர்வ்_ரிலே

அப்படியானால் விதி யாருக்கும் புரியாது. ஒவ்வொரு முறையும் கோச்சின் தீர்ப்பு என்றால் "அவருக்கு வேண்டிய பிள்ளை" என்ற பேச்சுதான் வரும்.

#14 லேன்_எட்டு

அந்தக் கவலை நியாயம்தான். இப்படி வைக்கலாம்: போட்டிக்கு இரண்டு வாரம் முன் ஒரு தேதி அறிவித்து எல்லாருக்கும் ஒரே நாளில் 50 மீட்டர் நேரம் எடுப்பது. முதல் நாலு பேர் அணி, அடுத்த இரண்டு பேர் ரிசர்வ். ஆனால் அணிக்குள் வந்தவர் அந்த இரண்டு வாரத்தில் நடக்கும் ரிலே மாற்றுப் பயிற்சி நான்கில் மூன்றுக்காவது வரணும். முன்னவர் கை தொடும் கணத்தில் பாதம் விலகும் துல்லியம் வேகத்தால் வராது, அந்த இருவரும் சேர்ந்து பழகினால்தான் வரும். வர முடியாவிட்டால் ரிசர்வ் உள்ளே. காரணம் என்னவென்று கேட்கத் தேவையில்லை, விதி எல்லாருக்கும் ஒன்று. வாரம் ஐந்து நாளா மூன்று நாளா என்பது இதில் நுழையாது.

#15 ரிசர்வ்_ரிலே

இது சரியாகப் படுகிறது. நேரம் எடுக்கும் நாளில் உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு ஒரு மாற்று நாளும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

#16 மருந்துப்பெட்டி

மருந்து விஷயம் விட்டுப்போகக் கூடாது. மாநில, தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளை நாடா (NADA, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) சோதிக்கலாம், வயசு குறைவு என்று விலக்கு கிடையாது. இங்கே பல இருமல் சிரப்புகளில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதும் தடை. மருந்துக் கடையில் "சளிக்கு ஏதாவது கொடுங்க" என்று வாங்கி ஊட்டியதாக இருந்தாலும் உடம்பில் இருந்தது என்பதே மீறல். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் அளவுக்கு உட்பட்டு அனுமதி உண்டு. அது அவசியமானது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். தடைப் பட்டியலில் உள்ள வேறு மருந்து தேவை என்றால் மருத்துவச் சீட்டோடு முன்அனுமதி கேட்கணும். விதியில் ஒரு வரி போதும்: எந்த மருந்தும் கொடுக்குமுன் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்புங்கள். சோதனைக்கு அழைத்தால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஒரு பெரியவர் போகலாம், தனியாக அனுப்பாதீர்கள்.

#17 தேன்மொழி_அம்மா

பொண்ணுங்களைப் பத்தி யாரும் எழுதல. மாதவிடாய் நாள்ல காரணம் சொல்ல வெச்சு நிக்க வைக்கக் கூடாது. பெண் உதவிக் கோச்கிட்ட "இன்னிக்குப் பாதி செட்"னு சொன்னா போதும்னு விதியிலேயே இருக்கட்டும். எடை பார்க்கிறது, உடம்பைப் பத்திக் கமென்ட் அடிக்கிறது கோச், பெற்றோர், பசங்க யாருக்குமே கூடாது. உடைமாற்றும் அறையில போன் பைக்குள்ளயே இருக்கணும், நேரம் பார்க்கக்கூட எடுக்கக் கூடாது. கோச் பிள்ளைக்குத் தனியா மெசேஜ் பண்ணக் கூடாது, பெற்றோர் இருக்கிற குரூப்லதான்.

#18 லேன்_எட்டு

மேடம் சொன்ன ஒவ்வொன்றும் சேரணும். கூடவே கோச்சுக்கும் ஒரு வரி: ஸ்ட்ரோக் திருத்த உடம்பைத் தொடவேண்டி வந்தால் முதலில் கேட்டு, மற்றவர் பார்வையில், கை அல்லது தோளில் மட்டும். முடிந்தவரை டெக்கில் செய்து காட்டியே திருத்திவிடலாம்.

பாலியல் அத்துமீறல் பற்றித் தகவல் வந்தால் குழு தானே விசாரிக்கக் கூடாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 படி தெரிந்தவர் போலீஸில் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் அதுவே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடைமாற்றும் அறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள்.

மற்ற மீறல்களுக்கு: முதல்முறை அந்த செட் முடியும்வரை டெக்கில் கோச் பக்கத்தில் உட்காருவது, 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது முறை அன்றே பெற்றோரோடு பேச்சு. மூன்றாவது முறை ஒரு நாள் பயிற்சி நிறுத்தம், எழுத்தில் காரணத்தோடு. அடிப்பது, தண்ணீரில் தலையை அமுக்குவது, உடைமாற்றும் அறையில் படம் எடுப்பது ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் பொருந்தாது, அன்றே நிறுத்தம்.

#19 குழு_மேலாளர்

எல்லாருக்கும் நன்றி. திருத்திய வரைவை மூன்று பத்தியாகப் பிரித்துவிட்டேன். ஒரு பகுதி மட்டும் இங்கே:

"பிள்ளை: என் காகிள்ஸ், தொப்பி, கிக்போர்டு, புல் பாய் (தொடை நடுவே வைக்கும் மிதவை), தண்ணீர் பாட்டில் ஐந்தையும் நானே எடுத்து வைப்பேன், முடிந்ததும் நானே எண்ணி எடுப்பேன். க்ளாக் பார்த்து 5 விநாடி இடைவெளியில் கிளம்புவேன். தட்டினால் மூலையில் வழிவிடுவேன். மூச்சுப் பந்தயம் போட மாட்டேன். யாராவது போட்டால் உடனே சொல்வேன்.
பெற்றோர்: 5.10-க்குக் கொண்டுவிடுவேன், 7.10-க்கு அழைத்துப் போவேன். கேலரியிலிருந்து ஸ்ட்ரோக் சொல்ல மாட்டேன். தேர்வுக் காலத்தில் நாள் குறைவதானால் இரண்டு வாரம் முன்பே சொல்வேன்.
கோச்: கடைசிப் பிள்ளை வெளியேறும்வரை இன்னொரு பெரியவரோடு இருப்பேன். இடி கேட்டால் எல்லாரையும் ஏற்றிவிடுவேன்."

#20 மருந்துப்பெட்டி

இடி வரியை முடித்து எழுதுங்கள்: கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகுதான் மறுபடி தண்ணீரில் இறங்கணும், நடுவில் ஒரு இடி கேட்டாலும் கணக்கு முதலிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் இதற்காகவே பல காலைகள் போகும். எண் இல்லாவிட்டால் "மழை நின்னுடுச்சே" என்று யாராவது இறக்கிவிடுவார்கள். அந்த அரை மணிக்கு டெக்கிலும் நிற்க வேண்டாம், கூரையுள்ள கட்டடத்துக்குள் உட்கார வையுங்கள்.

#21 கொடிக்கயிறு

பிள்ளைகளுக்கான பத்தியை மட்டும் தனித்தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, லாமினேட் செய்து பேஸ் க்ளாக்குக்குக் கீழே கட்டுங்கள். செட் நடுவில் எல்லாக் கண்ணும் போகும் ஒரே இடம் அதுதான். தாள் இருக்கும் இடத்தில் ஓட்டை போடாதீர்கள், அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். ஓரத்தில் இரண்டு அங்குலம் பிளாஸ்டிக் விட்டு, அதில் துளையிட்டு நைலான் கயிற்றில் கட்டுங்கள்.